இன்னொரு வருஷத்துக்கு விட்ட இடம்

வில்லியனூரில் டி-ஷர்ட் பிரிண்ட் போடும் பட்டறையில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு வகை ஆர்டர்தான் அதிகம். ஒன்று பாக்ஸர் சட்டை. வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரர்களின் பழைய படங்களை நெட்டில் எடுப்போம். யாரையும் கேட்பதில்லை. கறுப்புத் துணியில் நடுவே பெரிய முகம், சுற்றிலும் குத்துவது மாதிரி, கை தூக்கி நிற்பது மாதிரி சின்னப் படங்கள், மேலே மின்னல் எழுத்து, இரண்டு பக்கமும் பிறந்த வருஷம், பட்டம் ஜெயித்த வருஷம். ரொம்ப நாள் போட்ட சட்டை மாதிரி தெரிய, மை காய்ந்ததும் முகத்தை உப்புத்தாளால் தேய்ப்போம்.

இன்னொன்று கண்ணீர் அஞ்சலி சட்டை. பைக்கில் விழுந்தவன், ஏரியில் போனவன். காரியத்தன்று கூட்டாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி போட்டு வருவார்கள். அதிலும் நடுவே பெரிய முகம், சுற்றிலும் சின்னப் படங்கள். இடப்பக்கம் பிறந்த வருஷம், வலப்பக்கம் செத்த வருஷம். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் ஒரே டிசைனை வைத்திருந்தேன். முகத்தையும் வருஷத்தையும் மாற்றினால் போதும்.

என் தம்பி பாகூரில் ஒரு ஷெட்டில் பாக்ஸிங் பழகினான். கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வந்தது.

"இன்னாண்ணா, எவன் எவன் மூஞ்சியோ போடுற. என் மூஞ்சி போடமாட்டியா?"

"உப்புத்தாள் மிச்சம். உன் மூஞ்சி ஏற்கெனவே தேஞ்சிதான் கீது."

இருபது சட்டை போட்டேன். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மீதி அவன் கூட்டாளிகளுக்கு. இடப்பக்கம் அவன் பிறந்த வருஷம். வலப்பக்கம் என்ன போட என்று கேட்டேன். "ஜெயிச்ச வருஷம். வந்து போட்டுக்கலாம், வுடு" என்றான். காலியாக விட்டேன்.

அம்மா நடவு முடித்துச் சேறோடு வந்தாள். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"உசுரோட கீற புள்ளைக்கு இன்னாடா இது?"

"பாக்ஸர் சட்டைம்மா."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காலியிடத்தில் விரல் வைத்தாள். "இங்க எதுக்குடா எடம் வுட்டு வெச்சிகிற?"

தம்பி சிரித்தான். "நான் செத்தா அண்ணனுக்கு வேலை மிச்சம்மா. ஒரு நம்பர் போட்டாப் போதும்."

நானும் சிரித்தேன்.

போட்டியில் இரண்டாவது ரவுண்டில் காதுக்கு மேலே அடி விழுந்தது. எழுந்தான். ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்ததை வாந்தி எடுத்தான். அப்புறம் கூப்பிட்டால் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். மூளையில் ரத்தம் என்றார்கள். உள்ளே கொண்டு போனார்கள்.

கூட்டாளிகள் மண்டபத்திலிருந்து நேராக வந்து வெளியே மரத்தடியில் நின்றார்கள். எல்லார் நெஞ்சிலும் தம்பி முகம். என் நெஞ்சிலும்தான். டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸை நீட்டியபடி மெதுவாகக் கேட்டார். "எத்தினி மணிக்குப்பா எடுக்கறீங்க?"

எங்களில் ஒருவன், "ஆபரேஷன் நடக்குதுண்ணா" என்றான். அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா ஆட்டோவில் வந்தாள். கேட்டிலேயே எங்களைப் பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். நான் ஓடினேன்.

"கீறாம்மா. உள்ள கீறான். டாக்டர் பாக்குறாரு."

அவள் நிமிர்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "அப்ப இது இன்னாடா? கயட்டுங்கடா. எல்லாரும் கயட்டுங்க."

கழற்றினோம். வெற்று உடம்போடு நின்றோம். வாட்ச்மேன் அதட்ட வந்தவர், அவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டி, டாக்டர் வெளியே வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி சட்டையும் ஒரு பையில் வந்தது. தலை வழியாக எடுக்காமல் நடுவில் வெட்டி எடுத்திருந்தார்கள். அதையும் மூட்டையில் வைத்தாள்.

பிழைத்தான். வலது கை தூக்க வராது. பேச்சு இழுக்கும். பாக்ஸிங் கிளவுஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மூட்டையை எரித்துவிடலாம் என்றேன். "புள்ள மூஞ்சிய எப்படிடா எரிக்கிறது?" என்றாள். அப்படியே கூரை எறவாணத்தில் செருகி வைத்தாள்.

பட்டன் சட்டை அவனுக்குச் சரிப்படவில்லை. ஒற்றைக் கையால் போட வராமல் கத்துவான். ஒரு நாள் அம்மா மூட்டையை இறக்கினாள். வெட்டியதைத் தனியே வைத்துவிட்டு மற்றதை எல்லாம் துவைத்தாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒன்றை மாட்டிவிட்டாள். வெளியே வெறும் கறுப்பு. முகம் அவன் நெஞ்சோடு ஒட்டி உள்ளே. அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் உடுப்பு.

பட்டறையில் பாக்ஸர் சட்டை இன்னும் போடுகிறோம். அதில் நான் வருஷம் போடுவதில்லை. ஓனர் ஏன் என்று கேட்டார். இடம் பத்தவில்லை என்றேன்.

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். நான்தான் அவனுக்குச் சட்டை மாட்டினேன். நினைப்பில்லாமல் படம் வெளியே தெரிய மாட்டிவிட்டேன். அம்மா பாயிலிருந்து எழுந்து வந்தாள். கழற்றினாள், திருப்பினாள், மறுபடி மாட்டினாள். முதலில் வலது கை.