டொக்டராக எத்தனை வகுப்பு வேணும்?

திறப்பு வைத்திருக்கிற வேலைக்கு வாய் தேவையில்லை, காது இருந்தால் போதும். நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர் நாட்டில், ட்வெய்ட்டா என்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடக்கின்றன. காலையில் கதவைத் திறப்பது, தேத்தண்ணிப் போத்தல்களை நிரப்பி வைப்பது, நிலம் துடைப்பது, பின்னேரம் பூட்டுவது எல்லாம் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். அதனாலோ என்னவோ, என்னை வைத்துக்கொண்டே எல்லாரும் எல்லாம் கதைப்பார்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் கொரிடோர் வாங்கில் குந்தியிருந்து நாரி நொந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிசாக இராது.

கோப்பு

ரஞ்சி அக்கா எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் பக்கத்துக் கட்டடம். மகள் ஆரணிக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருசம், அடுத்தது மருத்துவம் படிக்க விண்ணப்பிக்க வேண்டும். ரஞ்சி அக்கா எங்கே போனாலும் ஒரு நீலக் கோப்பு கூடவே போகும். அதற்குள் ஆரணியின் சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் கண்ணாடித் தாள் உறையில். பரதநாட்டியம், வயலின், சதுரங்கம், பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனம், நீச்சல். நீச்சலுக்கு இரண்டு.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். லண்டனில் இருக்கிற மச்சாளின் மகனை மருத்துவத்துக்கு எடுக்கும்போது நேர்முகத்தில் கேட்டார்களாம், படிப்பைவிட வேறென்ன செய்கிறாய் என்று. அன்றிலிருந்து மச்சாள் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்துப் புதிது புதிதாக ஒவ்வொரு வகுப்பாகச் சொல்கிறாவாம். சொல்லிக்கொண்டே ரஞ்சி அக்கா கோப்பைத் தட்டிக் காட்டினா.

"படிப்பு எல்லாரிட்டையும் கிடக்கு பிள்ளை. இது ஆரிட்டைக் கிடக்கு?"

புதிதாக வந்த தகப்பன்

சென்னையில் இருந்து வந்த ஒரு தகப்பன், கணினி வேலை. அவர் தமிழை நானும் என் தமிழை அவரும் பாதி பாதியாகத்தான் பிடிப்போம். என்னிடம் திறப்புக் கொத்து இருந்ததால் நான்தான் பொறுப்பாளர் என்று நினைத்துவிட்டார். எந்த வகுப்பில் சேர்த்தால் பிறகு மருத்துவத்துக்கு உதவும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தும் சொல்லாமல் மறைக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது, தேத்தண்ணிக் கப்போடு என் பின்னாலேயே வந்தார்.

மகன் அந்த நேரம் செருப்புத் தட்டில் இருந்த சப்பாத்துகளை நிறத்துக்கு நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கறுப்புச் சப்பாத்துக்குச் சோடி காணாமல் நிலத்தில் படுத்துத் தேடினான். வயது என்ன என்று கேட்டேன்.

"சிக்ஸ்தாங்க. ஆனா ஏற்கனவே லேட்டோன்னு பயமா இருக்கு."

வாளி அறை

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, துடைப்பம் வைக்கிற சின்ன அறையைத் திறந்தால் உள்ளே ஆரணி. கவிழ்த்த வாளியில் குந்தியிருக்கிறாள், மடியில் இரசாயனப் புத்தகம். வெளிச்சம் கதவிடுக்கால் வந்ததுதான். நடன வகுப்பு மேலே நடந்துகொண்டிருந்தது, சலங்கைச் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், பின்னேரம் நீச்சல், சதுரங்கம். ஞாயிற்றுக்கிழமை பேச்சுப் பயிற்சி. இரசாயனத்துக்கு மிச்சமாக இருப்பது நித்திரை கொள்கிற நேரம்தானாம். நடன ரீச்சருக்குக் காலில் நோ என்று சொல்லியிருக்கிறாள். தாயிடம் சொல்லேலாது, ஒவ்வொரு சான்றிதழையும் அந்த அம்மா முத்தமிட்டுத்தான் கோப்பில் வைக்கிறவ. நான் யாருக்கும் சொல்லவில்லை. அது சரியோ பிழையோ என்று யோசித்தபடியே அடுத்த நான்கு கிழமையும் அந்த அறைக்குத் துடைப்பம் எடுக்கப் போகாமல், வேறு தளத்தில் இருந்ததை எடுத்துத் துடைத்தேன். அன்று அவள் சொன்னதுதான் காதில் நின்றது.

"இஞ்சை ஆறுதான் உச்சப் புள்ளி, அக்கா. ஐஞ்சு எடுத்தா நல்ல பிள்ளை எண்டுவினம், இடம் தராயினம்."

ஒட்ட இடமில்லை

அடுத்த சோதனையில் ஆரணிக்கு இரசாயனத்தில் நாலு வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ தெரியாது. ரஞ்சி அக்கா அந்தக் குறையை நிரப்ப முதலுதவி வகுப்பொன்றில் சேர்த்துவிட யோசித்தா. அதற்கு முன், இருக்கிறது எவ்வளவு பெறும் என்று தெரிந்துகொள்ள, கோப்பைத் தூக்கிக்கொண்டு மகளின் பள்ளிக்கூட ஆலோசகரிடம் போனா.

அந்த மனிசி மரியாதையாக ஒவ்வொரு தாளையும் பிரட்டிப் பார்த்ததாம். நடனப் படம் ஒன்றை வடிவாயிருக்கு என்றும் சொன்னதாம். பிறகு கணினியைத் திருப்பி விண்ணப்பத்தைக் காட்டி, இந்த நாட்டில் மருத்துவத்துக்கு எடுப்பது புள்ளியைப் பார்த்து, நேர்முகம் என்று ஒன்று இல்லை, சதுரங்கமும் நடனமும் போட இடமே இல்லை என்று விளங்கப்படுத்தியதாம். ரஞ்சி அக்கா இதை வாங்கில் இருந்து எனக்குச் சொன்னபோது கோப்பு மடியில் மூடியபடி கிடந்தது. கடைசியாக ஆலோசகர் கேட்டதுதான் அவவுக்கு விளங்கவில்லையாம்.

"நான் சான்றிதழைக் காட்டுறன், அவ கேக்கிறா, இந்தப் பிள்ளை எப்ப நித்திரை கொள்ளுறது எண்டு."

தேத்தண்ணி கொட்டிய நாள்

அதற்குப் பிறகும் வகுப்புகள் நிற்கவில்லை. நடுவில் நிறுத்தினால் மற்ற ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்று ரஞ்சி அக்காவுக்கு யோசனை. வாங்கில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். அடுத்த சனிக்கிழமை ஒரு தேத்தண்ணிப் போத்தல் மூடி கழன்று கொரிடோர் முழுக்கக் கொட்டுண்டது. நான் கந்தையால் மறித்துக்கொண்டிருந்தேன். ரஞ்சி அக்கா உதவி செய்கிறேன் என்று நேரே வாளி அறைக்கு நடந்தா. நான் கந்தையும் கையுமாகப் பின்னால் போனேன்.

கதவு திறந்தது. ஆரணி வாளியை விட்டு எழும்பவில்லை, புத்தகத்தையும் மூடவில்லை. மேலே அவளுடைய வகுப்பு ஆடிக்கொண்டிருந்தது. தாய் அண்ணாந்து மேல் தளத்தைப் பார்த்தா, பிறகு மகளின் காலைப் பார்த்தா, காலில் நோ என்று ரீச்சர் அவவுக்கும் சொல்லியிருக்க வேணும். நல்ல கால். நான் கந்தையைப் பிழிந்தபடி, திறப்புக் கொத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்று நினைத்தேன். ரஞ்சி அக்கா துடைப்பத்தை எடுத்தா, சுவரைத் தடவினா, ஆளியைக் கண்டுபிடித்துப் போட்டா.

"லைற்றைப் போட்டுட்டுப் படி, கண் பழுதாப் போகும்."

வயலின் பெட்டி

அடுத்த கிழமை ஆரணி வரவில்லை, அவளுடைய வகுப்பெல்லாம் நிற்பாட்டியாச்சாம். ரஞ்சி அக்கா வந்தா, கையில் மகளின் வயலின் பெட்டி. வீட்டில் என்ன செய்வது, சனிக்கிழமை என்றால் கால் தானாக இஞ்சை வருகிறது என்றா. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருந்து ச-ப-ச பழகினா. கதவு சாத்தியும் கேட்டது.

கோடையில் ஆரணிக்கு வடக்கே த்ரொம்சோ பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது. ரஞ்சி அக்கா தட்டத்தில் லட்டோடு என் வீட்டுக்கு வந்து நின்றபோதே லண்டன் மச்சாள் எடுத்துவிட்டா. எங்களுக்கும் கேட்கட்டும் என்று தொலைபேசியை மேசையில் வைத்தா. மச்சாள் வாழ்த்திவிட்டு, கடைசியில் எது கைகொடுத்தது, நடனமோ வயலினோ, ஒளிக்காமல் சொல் என்று கேட்டா. ரஞ்சி அக்கா ஒரு லட்டை உடைத்து என் மகன் வாயில் வைத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னா.

"நித்திரை, மச்சாள்."

என் மகனுக்கு நாலு வயது, இந்த வருசம் அவனை ஒரு வகுப்பிலும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன், வயலின் வகுப்புக்கு எடுத்த படிவம் மட்டும் கைப்பையில் மடித்தபடி கிடக்கிறது.