சாய்ந்தாலும் சாயாத வண்டி

குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், மடக்கினால் காரில் அடங்குமா என்று பார்ப்பார்கள், கொசுவலை உண்டா என்று கேட்பார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். கைப்பிடியில் என் எடையைப் போட்டுச் சாய்ந்தால் வண்டி நிற்குமா, இல்லை பின்பக்கமாகக் கவிழுமா.

பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு விபத்தில் எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூடும்போது கோணலாகக் கூடியதில் இடது கால் குட்டையாகிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். வாசலைத் தாண்டினால் வலது கையில் ஊன்றுகோல் வேண்டும். அதற்காக மூலையில் முடங்கியவளும் இல்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் கோயமுத்தூர் முழுக்கச் சுற்றினேன், வங்கி வேலைக்குப் போனேன், சண்டை போட வேண்டிய இடங்களுக்கும் நானேதான் போய்ச் சண்டை போட்டேன். யாரும் என்னை எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

வயிற்றில் குழந்தை வளர வளர அந்தத் திமிர் இறங்க ஆரம்பித்தது. ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார் டாக்டர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் குழந்தையுமாக நான் நடந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம். மாரோடு கட்டிக்கொள்ளும் பையை வாங்கலாம் என்றால், முன்பக்கம் பாரம் ஏறினால் உங்கள் இடுப்பு தாங்காது என்று பிசியோதெரபி பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். ஆக, என் பிள்ளையை நானாக ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டி ஒன்றுதான் வழி. மற்றவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு அது இல்லாவிட்டால், என் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகக்கூட இன்னொருவரைக் கெஞ்ச வேண்டும்.

காந்திபுரத்தில் குழந்தைச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு பெரிய கடைக்கு என் கணவர் கூட்டிக்கொண்டு போனார். அவர் பம்புசெட் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் முகத்தை விட்டுவிட்டு என் ஊன்றுகோலின் நுனியைத்தான் பார்த்தார். ரப்பர் தேய்ந்துவிட்டது, மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்றார். பெண் பார்க்க வந்த மற்ற எல்லாரும் அந்த ஊன்றுகோலைப் பார்க்காதது மாதிரியே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன்.

கடையில் இருந்த பெண் நல்ல சுறுசுறுப்பு. வெண்ணெய் நிறத்தில் ஒரு வண்டியை இழுத்துவந்து நிறுத்தினாள். "இதுதாங்க்கா புது மாடல். ஒத்தக் கையில மடக்கிப்போடலாமுங்க. ஃப்ளைட்டுல தலைக்கு மேல வெச்சுக்கலாமுங்க."

நாங்கள் ஃப்ளைட்டில் எங்கே போகப்போகிறோம். கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தேன். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அவள் பதறிக்கொண்டு என்னைப் பிடிக்க வந்தாள். அதற்குள் என் கணவர் பிடித்துவிட்டார்.

"அப்படியெல்லாம் சாயக்கூடாதுங்க்கா. இது சும்மா தள்ளறதுக்குத்தானுங்க."

"எனக்குச் சாயறதுக்குத்தான் வேணுமுங்க" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வண்டியாகக் கொண்டுவந்தாள், நான் சாய்ந்தேன், ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கியது. பிரேக் இன்னொரு தொல்லை. எல்லாவற்றிலும் காலால் மிதிக்கும் பிரேக். வலது காலால் மிதிக்க இடது காலில் நிற்க வேண்டும், இடது காலில் மிதிக்கிற வலு கிடையாது. எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் சரிவு. கையில் பிடிக்கிற பிரேக் இல்லாத வண்டியை நான் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கடைசியில், டயப்பர் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் ஒன்று நின்றது. சாம்பல் நிறம், இரும்புச் சட்டம், தடித்த ரப்பர் சக்கரங்கள், கைப்பிடியிலேயே பிரேக். பார்த்தால் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த ஞாபகம்தான் வரும். கைப்பிடி சரியாக என் கைக்கு வந்தது. சாய்ந்தேன், அசையவில்லை. முழு எடையையும் போட்டேன். கணவர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது பழைய மாடலுங்க்கா. ஆரும் எடுக்கறதில்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

ஊன்றுகோலைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு கடையின் அந்தக் கோடி வரை நடந்தேன். துணிப் பகுதியில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதில் ஒருத்தி குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்தாள். நொண்டல் இருந்தது, ஆனால் அவசரமில்லாமல் இருந்தது. திரும்பும்போதும் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அன்றே வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு முழத் துணிகூட வாங்கி வைக்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதல் சாமான்களை வாங்கும் உரிமை தாய்மாமனுக்கு. எனக்கு அப்பா அம்மா இல்லை. சத்தியமங்கலத்தில் பூ மண்டி வைத்திருக்கும் அண்ணன்தான் எனக்குத் தாய்வீடு. கணவர் வண்டியைப் போட்டோ எடுத்து, கடையின் விவரமும் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினார். போனிலும் சொன்னார்: "மச்சான், பையனோ புள்ளையோ, பொறந்ததுக்கப்பறம் இதேதான் வேணுமாமுங்க."

இங்கேதான் கணக்குத் தப்பியது. எங்கள் ஊர் மரியாதை அப்படி. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாமுங்க என்பார்கள். விடாமல் கேட்டால் இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றைச் சொல்வார்கள். கேட்கிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னதற்கு மேலே செய்வதுதான் முறை. பசியோடு வந்தவர் போதுமுங்க என்று இலையை மறைத்தால் இன்னும் இரண்டு கரண்டி போடுவோம் அல்லவா, அதே முறை. அந்தப் பழைய சாம்பல் நிற வண்டியின் போட்டோவைப் பார்த்த, என்னை இன்னமும் பாப்பா என்றே கூப்பிடும் அண்ணன், பாப்பா நமக்குச் செலவு வைக்கக் கூசிக்கொண்டு இதைக் கேட்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். பையன் பிறந்து, மூன்றாம் மாதம் பேர் வைத்துத் தொட்டில் கட்டும் நாள் வரை அவர் வாயே திறக்கவில்லை.

அன்று வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருவர் விடாமல் வந்திருந்தது. அண்ணன் தட்டு வரிசையோடு வந்தார். கூடவே பட்டுத் துணி போர்த்திய ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். துணியை விலக்கினார். கடையில் முதலில் தலை தூக்கியதே, அதே வண்டி, அதில் இன்னும் பெரியது. வெண்ணெய் நிறம், தங்க விளிம்பு, மடிப்பு மடிப்பாகக் கூரை. பெண்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிரசவத்துக்குத் துணையிருக்கத் தாராபுரத்துத் தோட்டத்தை விட்டுவிட்டு வந்து தங்கியிருந்தவர் அவர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். பழத் தட்டையும் துணிகளையும் அவரே வண்டிக்குள் எடுத்து வைத்தார்.

"நீயும் ஒருக்கா தொட்டுத் தள்ளு, அம்மணி" என்றார்.

தொட்டேன். கைப்பிடி என் இடுப்புக்குக் கீழே கிடந்தது. குனிந்து பிடித்ததில் எடை தானாகவே இறங்கிவிட்டது. வண்டி பின்பக்கமாக மடங்கிச் சாய்ந்தது. ஆப்பிளும் சாத்துக்குடியும் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடின. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பையன் அத்தையின் தோளில் இருந்தான்.

"உனக்கெதுக்கு அம்மணி இந்த வேலை? தூக்கறதுக்கு நாங்க இல்லையா?" என்று நாலாபக்கமிருந்தும் குரல் வந்தது.

அண்ணன் பழங்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இது நீ தள்ளறதுக்கில்ல பாப்பா. அத்தை தள்ளறதுக்குன்னுதான் பாத்துப் பாத்து எடுத்தேன். போன்ல அத்தைகிட்ட அளவு கேட்டுட்டுத்தான் கடைக்கே போனேன்."

என் தோளுயரமே இருக்கும் அத்தை தலையாட்டினார். தரையிலிருந்து தன் முழங்கை வரை இஞ்ச் டேப் பிடித்து அளந்து சொன்னதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. அவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. என் பிள்ளையின் வண்டிக்கு என் வீட்டில் இருப்பவரின் கையை அளந்திருக்கிறார்கள், என் கையை அளக்க யாருக்கும் தோன்றவில்லை. சீர் கொண்டுவந்த அண்ணனை ஒறம்பரை முன்னால் ஒரு வார்த்தை சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். நான் சொன்னேன்.

"அண்ணா, நான் கூச்சப்பட்டுக்கிட்டு அந்தப் போட்டோ அனுப்பலீங்க. எனக்கு அதுதான் வேணும். தூக்கறதுக்கு ஊடு நெறைய ஆளிருக்காங்க, இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா என்ற பையனை நான் எங்க கொண்டு போறதுன்னாலும் கூட ஒருத்தர் வரோணும். அந்த ஒருத்தர் இல்லாம போறதுக்குத்தான் வண்டி கேட்டேன். அவனைத் தூக்கிட்டு என்னால நடக்க முடியாது. தள்ளிட்டாவது நடக்கறேன், உடுங்க."

கடைசி வார்த்தைகள் சரியாக வரவில்லை, அழுதுவிட்டேன். அண்ணன் கையில் இருந்த ஆப்பிளைத் தட்டில் வைத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனார். கணவர் ரோடு வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அத்தை என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். எல்லாரும் போன பிறகு, பையனை என் மடியில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலையே அம்மணி. ஒத்தாசை பண்றதா நெனச்சுப்போட்டேன்" என்றார். பையனின் துணியை இழுத்துவிட்டு, "சீரைத் திருப்பி அனுப்பறது ஆகாது. இது தோட்டத்துக்கு வரட்டும், நான் பாத்துக்கறேன். உனக்கு வேணுங்கறதை நீ வாங்கிக்கோ சாமி" என்றார்.

சொன்னபடியே செய்தார். அந்தத் தங்க விளிம்பு வண்டி இப்போது தாராபுரத்துத் தோட்டத்தில் முருங்கைக்காய்க் கட்டுகளை வாசலுக்குக் கொண்டுவருகிறது. கைப்பிடி அத்தைக்கு அளவெடுத்ததுதானே, ராணி மாதிரி தள்ளிக்கொண்டு வருவார். போகும்போதெல்லாம் என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்த பேரிங் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அண்ணனிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இருக்கிற ஒரே தாய்வீட்டையும் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பூ ஏற்றும் அவருடைய வேன் வாசலில் வந்து நின்றது. காலிப் பூக்கூடைகளுக்கு நடுவிலிருந்து அண்ணன் அந்தச் சாம்பல் நிற வண்டியை இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்குமோ இல்லையோன்னுதான் போனேன். அங்கயேதான் கெடந்துச்சு" என்றார். வண்டியில் ஒட்டியிருந்த மல்லிகை இதழ்களைத் தட்டிவிட்டுக்கொண்டே, "கடையில நானே சாஞ்சு பாத்துட்டேன் பாப்பா. ஒத்தக் கால்ல நின்னு சாஞ்சு பாத்தேன். கடைக்காரப் புள்ள பயந்துபோச்சு. வண்டி அசையல" என்றார்.

என் அண்ணன் கனத்த சரீரம். அவர் நடுக்கடையில் ஒற்றைக் காலில் நின்றதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது. அன்று அத்தை அவரை உட்கார வைத்து, போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, விட்டுப்போன விருந்துக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டார்.

வெயில் தாழ்ந்ததும் பையனை வண்டியில் படுக்கவைத்தேன். அத்தை கேட் வரைக்கும் வந்தார். அதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நீங்க இருங்க அத்தை" என்றேன். நின்றுவிட்டார். அண்ணன் வேனுக்குள் ஏற்கெனவே அடுக்கியிருந்த கூடைகளை எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஊன்றுகோலைக் கேட்டில் சாத்திவிட்டு, பிரேக்கைப் பாதி பிடித்தபடி சரிவில் இறங்கினேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் சக்கரம் கொஞ்சம் அமுங்கியது, பிறகு ஏறிவிட்டது. அதுவரை வெளியே எங்கே போனாலும் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள், நான் பின்னால் வந்து சேர்வேன். அவர்கள் தோளுக்கு மேலே அவன் என்னைத் தேடுவது தெரியும், எட்டிப் பிடிக்க முடியாது. இந்த வண்டியில் குழந்தை தள்ளுகிறவரைப் பார்த்தபடி படுத்திருக்கும். அவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். இது இஸ்திரி போடுகிற இடம், அது வேப்பமரம், அந்த நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது என்று வாய் ஓயாமல் அவனிடம் சொல்லிக்கொண்டே போனேன். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலையே இல்லை.

தெருமுனை பேக்கரியில் வண்டியை நிறுத்தி பிரேக்கைப் போட்டேன். டீ மாஸ்டருக்கு என்னைக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். குழந்தையை எட்டிப் பார்த்தார், என் கையில் ஊன்றுகோல் இல்லாததையும் பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் தெருவை ஒரு தடவை நீளப் பார்த்தார்.

"ஆரோட வந்தீங்கக்கா?" என்றார்.

"என்ற பையனோடங்க" என்றேன்.