கவைக்கட்டையை மறந்த சப்பரம்

பெரம்பலூரில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டு பீரோவின் மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு சும்மாடு இருக்கிறது. பழைய நூல் சேலையைக் கிழித்து, இறுக்கி மடித்து, கோணி ஊசியால் தாறுமாறாகத் தைத்தது. சுமை தூக்கும்போது தோளில் வைத்தால் கச்சிதமாகப் பதியும். வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கரித்துணியப் போய் பட்டுக்கூட வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அது என் மாமியாருடையது. அவர் கழுத்தில் கிடந்த சங்கிலி நாத்தனாருக்குப் போயிற்று. இது எனக்கு வந்தது. எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

என் பிறந்த ஊர் பாடாலூர். கட்டிக்கொடுத்தது ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக் காடு சூழ்ந்த ஒரு கிறிஸ்தவ ஊரில். அங்கே கோயில் ஒன்று, மாதா ஒன்று, பூசை ஒன்று, தெருதான் இரண்டு. மேலத்தெருவில் நாங்கள். கீழத்தெருவில் தலித் குடும்பங்கள். திருவிழா அன்று மாதாவின் சப்பரத்தைத் தோளில் சுமக்கும் உரிமை மேலத்தெருவின் சில குடும்பங்களுக்கு மட்டும் உண்டு. அதில் என் மாமனார் குடும்பம் முதல். கீழத்தெரு முனை வரை சப்பரம் வரும், அங்கே ஒரு நிமிடம் நிற்கும், திரும்பிவிடும். கீழத்தெருக்காரர்கள் முனைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, உப்பும் மிளகும் காணிக்கை போட்டுக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியது. சப்பரத்தின் தண்டை அவர்கள் தொடக்கூடாது. புதுப்பெண்ணாக முதல் திருவிழாவைப் பார்த்தபோதே எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஆனால் புது மருமகளிடம் யார் அபிப்பிராயம் கேட்டார்கள்!

இத்தனைக்கும் எங்கள் கோயில் பங்கு அப்போது ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் கேட்கிற பங்கு. புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் சும்மா இருக்கிறவர் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் பள்ளிக்கூட நேரத்தில் பறக்கின்றன என்று எங்களையெல்லாம் திரட்டி ரோட்டில் உட்கார வைத்தார். நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை என்று அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தெருப் பெண்களையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனார். என் மாமியாருக்கு இதெல்லாம் துளியும் பிடிக்காது. "ஜெபமாலை உருட்டுற கையில கொடியக் குடுத்துட்டாரு. இவரு சாமியாரா, கட்சிக்காரரா?" என்று கோயில் வாசலிலேயே நின்று சத்தமாகக் கேட்பார். சாமியார் காதில் விழவேண்டும் என்றே கேட்பார். அத்தைக்கு வாய் அப்படி. மனதில் ஒன்று வந்தால் அது பல்லுக்குப் பின்னால் தங்காது.

அந்த வருடம் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில்தான் உபதேசியார் எழுந்து நின்றார். உபதேசியார் என்றால் கோயிலில் ஜெபம் சொல்பவர், சாவு வீட்டில் முதலில் நிற்பவர், சப்பரத்துக்கு முன்னால் மைக் பிடித்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிறவர். கீழத்தெருக்காரர். வருடா வருடம் தன் தெரு முனைவரை மாதாவை அழைத்துவந்து, தன் வாயாலேயே ஜெபம் சொல்லித் திருப்பி அழைத்துப் போகிறவர். அவருடைய அம்மா படுத்த படுக்கையாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவரால் முனைக்குக்கூட வரமுடியாது. "மாதா ஒரு தடவ நம்ம வாசலுக்கு வந்துட்டா போதுண்டா, நான் நிம்மதியா கண்ண மூடிருவேன்" என்று தினமும் மகனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உபதேசியார் இதைச் சொல்லிவிட்டுக் குரலை உயர்த்தாமல் கேட்டார். "கலெக்டர் ஆபீசு வரைக்கும் போயிட்டு வந்துட்டோம் சாமி. எங்க தெரு அதவிட தூரத்துலயா இருக்கு?"

சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "இந்த வருஷம் சப்பரம் கீழத்தெருவுக்குள்ள போகும்" என்றார். சுமக்கும் குடும்பத்து ஆண்கள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கணவரும் அவர்களில் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வழக்கமா போற எடம் வரைக்கும் தூக்குவோம். அதுக்கு மேல அவரு பாடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சொன்னபடியே செய்தார்கள். திருவிழா அன்று பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் மேலத்தெருவெல்லாம் சுற்றி, பேண்டு வாத்தியத்தோடு கீழத்தெரு முனைக்கு வந்தது. சப்பரத்தை நிறுத்தவேண்டிய இடங்களில் தண்டுக்கு அடியில் கொடுக்க, தோள் உயரத்துக்குக் கவைக்கட்டைகள் உண்டு. அவற்றைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவதற்குத் தனி ஆட்கள் உண்டு. முனையில் கட்டைகளைக் கொடுத்துச் சப்பரத்தை நிறுத்தினார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அப்படியே எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். சாமியார் போய்க் கெஞ்சிப் பார்த்தார். "தூக்குறவங்க தூக்கட்டும் சாமி, நாங்க ஒண்ணும் தடுக்கலையே" என்று பதில் வந்தது. கீழத்தெரு ஆட்கள் தண்டைத் தொட்டால் அடிதடி ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உபதேசியார் மைக்கைப் பிடித்தபடி ஜெபமும் சொல்லாமல், தெருவுக்குள் தன் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அத்தை பொங்கினார். நியாயம், சமத்துவம் எதுவும் அவர் வாயில் வரவில்லை. "அடப் பாவிங்களா! மாதாவ முச்சந்தியில நிக்க வச்சுட்டு டீயா குடிக்கிறீங்க? பெத்தவள இப்படி ரோட்டுல விட்டுட்டுப் போவீங்களாடா?" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்தினார். என் கணவர் டம்ளரை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை சேலையை இழுத்துச் செருகினார். முந்திரி விறகு சுமக்கிற பெண்கள் விழாவுக்கு வந்தாலும் சும்மாட்டை விடமாட்டார்கள். பாய்க்குப் பதில் அதைப் போட்டுத்தான் கோயில் மணலில் உட்காருவார்கள். அந்தச் சும்மாட்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நேரே தண்டுக்கு அடியில் போய் நின்றார். "என்னடி பாக்குறீங்க? வெறகு தூக்குற தோளுதான? வாங்கடி!" என்றார். முதலில் நான் போனேன். பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் வந்தார்கள். நெட்டையும் குட்டையுமாக நின்று தூக்கினால் சப்பரம் எப்படி இருக்கும்? கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே தெருவுக்குள் நுழைந்தது.

உள்ளே ஒவ்வொரு வாசலிலும் கோலம், மெழுகுவர்த்தி, தட்டில் உப்பும் மிளகும். எத்தனையோ தலைமுறையாகக் காத்திருந்த தெரு; ஒரு வாசலையும் விட்டுவிட்டுப் போக முடியாது. சில வீடுகள் தாக்குப்பிடித்தோம். உபதேசியார் வீட்டு வாசலுக்கு வந்தபோது என் தோள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. அவருடைய அம்மாவைக் கட்டிலோடு வெளியே கொண்டுவர நேரமாயிற்று. "கட்டையக் குடுங்கடி, எறக்கலாம்!" என்று யாரோ கத்தினார்கள். கட்டையா? அதெல்லாம் தெரு முனையிலேயே கிடந்தது! சப்பரத்தைத் தூக்கிய அவசரத்தில் ஒருத்திக்கும் அதை எடுத்து வரத் தோன்றவில்லை. ஆண்கள் வேலையைச் செய்து பழகாத பெண்கள் செய்யக்கூடிய தப்புதானே. ஓடிப்போய் எடுத்துவர நேரமில்லை. சப்பரம் சாய ஆரம்பித்தது. மாதாவின் மாலை ஒரு பக்கமாகத் தொங்கியது. சுற்றிலும் கீழத்தெருப் பெண்கள் கைகூப்பியபடி, தண்டு மேலே பட்டுவிடக்கூடாதே என்று சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றார்கள்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, வந்து தோளு குடுங்கடி!" என்று அத்தை அலறினார்.

ஒருவரும் நகரவில்லை. கேட்டது சரிதானா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்களத்தான்! மாதா விழுந்தா ஒங்க தெருவுலதான விழுவா?" என்று மறுபடியும் கத்தினார். உபதேசியாரின் மனைவிதான் முதலில் வந்தார். அத்தை நகர்ந்து இடம் விட்டார். விட்டவர், அந்த அம்மாளின் வெறும் தோளைப் பார்த்துவிட்டு, தன் சும்மாட்டை உருவி அதில் வைத்தார். "மரம் அறுக்கும், வச்சுக்க" என்றார். அப்புறம் தெருவே வந்து தண்டுக்கு அடியில் நுழைந்தது. சப்பரம் நிமிர்ந்தது. கட்டிலில் கிடந்த அம்மா மாதாவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார், அழுதார், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உப்பையும் மிளகையும் அள்ளி வீசினார். அது மாதா வரைக்கும் எங்கே போயிற்று? முழுவதும் அத்தை தலையில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் அடுக்கடுக்காகத் தும்ம, தண்டுக்கு அடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பாரத்தை நான் சுமந்ததில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் அத்தையைப் புகழ்ந்து பிரசங்கம் வைத்தார். புரட்சி என்று ஒரு வார்த்தை சொன்னார். அத்தைக்கு வந்ததே கோபம். பூசை முடியும் வரைகூடப் பொறுக்காமல் எழுந்து, "நான் ஒரு புரட்சியும் பண்ணல சாமி. கட்டைய மறந்துட்டேன், அவ்வளவுதான்" என்றார். ஆனால் அடுத்த முறை அரியலூருக்கு மனுக் கொடுக்க வேன் கிளம்பியபோது, யாரும் கூப்பிடாமலே புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு ஏறி உபதேசியார் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் சும்மாட்டைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, "நீயே வச்சுக்க, அடுத்த வருஷம் வேணும்ல" என்று சொல்லிவிட்டார். உபதேசியாரின் அம்மா அந்த மழைக்காலத்தில், அவர் விரும்பியபடியே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இரண்டு தெருவையும் பிரிக்கிற சுவர் இன்னும் நிற்கிறது. அதில் வழி மட்டும் ஒன்று திறந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஆண்கள் அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொருவராகத்தான் எழுந்து வந்தார்கள். என் கணவர் கடைசி. பெற்ற தாய் வைதுகொண்டே இருந்தார் என்பதால் வேறு வழியில்லாமல் வந்தார் என்று நான் கேலி செய்வதுண்டு, அவர் மறுப்பதில்லை.

அத்தை இறந்த அன்று, அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உபதேசியாரின் மனைவி என் கையில் அந்தச் சும்மாட்டை வைத்தார். "அம்மாவுது. இனிமே ஒங்க தோளுக்கு" என்றார்.

இந்த வருடத் திருவிழாவுக்கும் பீரோவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். இப்போது சப்பரத்தை ஆணும் பெண்ணும், இரண்டு தெருவும் சேர்ந்து சுமக்கிறோம். மற்ற இடங்களுக்கெல்லாம் கவைக்கட்டைகள் கூடவே வரும். கீழத்தெருவுக்குள் மட்டும் வராது. முனையிலேயே போட்டுவிட்டு நுழைவதுதான் இன்றைக்கு வழக்கம்; புதிதாக வந்திருக்கும் சாமியார் அது ஆதிகாலத்து முறை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். உபதேசியார் வீட்டு வாசலில் சப்பரம் நின்றது. தோள் வலித்தது. சும்மாட்டை நகர்த்தி வைத்துக்கொண்டேன். தலை நரைத்துப்போன உபதேசியார் ஜெபமாலையை நிறுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கிற அதே பக்திக் குரலில் மைக்கில் சொன்னார்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, வந்து தோளு குடுங்கடி!"

பக்கத்தில் தண்டைச் சுமந்துகொண்டிருந்த என் கணவர் எல்லோரையும் முந்திக்கொண்டு சொன்னார், "ஆமென்."