அது திமிர் இல்லை

என் மகன் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான். உடம்போடு சேர்ந்துதான் திரும்புவான். கல்லூரி நாளில் பைக்கிலிருந்து விழுந்து, கழுத்து எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். தழும்பை முடி மறைத்துவிடும். தென்காசியில் உள்ள சொந்தக்காரர்கள் அவனுக்குத் திமிர் என்பார்கள். ஊனம் என்பதைவிடத் திமிர் என்றே நினைக்கட்டும் என்று நானும் தகடு பற்றி யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

இந்தச் சாரல் சீசனுக்குக் குற்றாலம் போனோம். என் மைத்துனர் அவனை எண்ணெய் தேய்ப்பவர் முன்னால் உட்கார வைத்து, "திமிரு பிடிச்ச கழுத்து. நல்லா ஒரு சொடக்கு எடுத்து விடுங்க அண்ணாச்சி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தடுக்க வேண்டிய நானும் அசடாகச் சிரித்தேன். எண்ணெய்க்காரர் ஒரு கையை அவன் தாடையிலும் மறு கையைப் பிடரியிலும் வைத்தார்.

மகனே அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "கழுத்தத் தொடாதிய அண்ணாச்சி, உள்ள தகடு இருக்கு. மாமா, இது திமிரு இல்ல. திரும்பாது, அவ்வளவுதான்."

எண்ணெய்க்காரர் பதறிக் கையை எடுத்தார். "மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? இந்நேரம் முறிச்சிருப்பேனே."

"அத்தான், எங்கிட்டகூட மறைச்சிட்டியளே" என்றார் மைத்துனர். பிறகு அருவி ஓரத்தில் அவனைத் தோளில் மட்டும் தண்ணீர் விழும்படி நிறுத்திவிட்டு, "ஏலே, இடிக்காதீங்க, பிள்ளைக்குக் கழுத்துல தகடு இருக்கு" என்று கூட்டத்தையே விலக்கினார். மகன் சிரித்துக்கொண்டே நனைந்தான்.

எனக்கு இன்னும் அந்தக் கைகள் கனவில் வருகின்றன. இப்போது எங்கே போனாலும் முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முடிவெட்டும் கடையிலும் சொன்னேன். அவனோ, "பின்னால ஒட்ட வெட்டுங்க, தழும்பு தெரியட்டும்" என்றான்.