தொண்ணூறு நிமிடக் கசெற்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் நான் வேலை செய்தேன். ஒரு சீடி எங்களிடம் கப்பலில் வந்தது. கோதுமை இறக்க வந்த மாலுமி ஒருவன் பதியக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமலே போய்விட்டான். அமெரிக்க ராப் பாடகன் ஒருவனின் இசைத்தொகுப்பு. ஆள் பழம் தின்று கொட்டை போட்டவன் என்பது அட்டைப் படத்திலேயே தெரிந்தது. தாடி நரைத்திருந்தது, கழுத்தில் தேர்வடம் போல ஒரு சங்கிலி. முழுக்க முழுக்க கிளப்பில் குடித்துவிட்டு ஆடுவதற்கென்றே செய்த பாட்டுகள். இந்த வயதில் இவனுக்கு ஏன் இந்த ஆட்டம் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்த பேஸ் ஒலி இருக்கிறதே, கடை அலுமாரியின் கண்ணாடியே அதிரும்.

அந்த மாதந்தான் அண்ணனைப் பிடித்தார்கள். அவன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வெயிட்டர். வேலை முடிந்து வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டை இருந்தது, ஹோட்டல் கடிதம் இருந்தது. அவன் முகம் மட்டும் அவர்கள் தேடிய யாரோ ஒருவனின் முகம்போல இருந்ததாம். எங்கள் வீதியில் இருந்த இராணுவ முகாமில்தான் வைத்திருக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது.

அம்மாவும் நானும் தினமும் பின்னேரத்தில் முகாம் வாசலில் போய் நின்றோம். எங்களைப் போல இன்னும் ஐந்தாறு தாய்மார் நின்றார்கள். "பிறகு வா" என்பதுதான் எல்லோருக்கும் பதில். அழுதால் இன்னும் தள்ளி, வெயிலில் நிற்கச் சொன்னார்கள்.

அந்த முகாமின் சிப்பாய் ஒருவன் எங்கள் கடைக்கு வந்து போவான். கொஞ்சம் தமிழ் பேசுவான். ஒருநாள் வந்து, "தம்பி, நல்லா சத்தமா, ஆடுற பாட்டு பதிஞ்சு தாங்க. பெரிய ஸ்பீக்கர் வந்திருக்கு" என்றான். நான் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவன் சிரித்தான். "நல்லாப் பதிங்க. பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அவங்கட மனம் குளிரிற மாதிரிப் பதிஞ்சு குடு மோனை. கொண்ணன்ர உயிர் உன்ர கையிலதான் இருக்கு" என்றார்.

அந்த மாலுமியின் சீடியை எடுத்து இரண்டு நாட்கள் பதிந்தேன். அந்தத் தொகுப்பில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேச்சு வரும். தொலைபேசி மணி அடிக்கும், யாரோ யாரையோ திட்டுவான், ஒருத்தி சிரிப்பாள், பிறகு கொஞ்சம் அமைதி. ஆடுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அத்தனையையும் வெட்டினேன். சிப்பாய் கேட்காத வேலை அது, நானாகச் செய்தது. ஒரு பாட்டின் கடைசித் தாளத்தில் நிறுத்தும் பொத்தானை அமுக்கிப் பிடித்து, அடுத்த பாட்டின் முதல் தாளத்தில் விட வேண்டும். மயிரிழை பிசகினாலும் காதில் தட்டும். எனக்குப் பிசகாது. மெதுவான பாட்டு ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவிட்டு, துள்ளலான பாட்டுகளை இரண்டாம் முறை போட்டு நிரப்பினேன். தொண்ணூறு நிமிடக் கசெற். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், ஈ நுழைய இடமில்லை.

கசெற்றை வாங்கிப் போன சிப்பாய் இரண்டு நாள் கழித்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எல்லாருக்கும் பிடிச்சது தம்பி. பெரியவருக்கும்."

அதன் பிறகு வாசலில் நிற்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அந்தப் பாட்டு கேட்டது. அண்ணன் உள்ளே கிடக்க, நான் வெளியே நின்று என் இணைப்புகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

"அம்மா, இது நான் பதிஞ்சது."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நல்லாக் கேக்குது மோனை. இனி விட்டிடுவாங்கள்." பக்கத்தில் நின்ற தாய்மாரிடமும், இதைப் பதிந்தது தன் இளைய மகன் என்று சொன்னார். அவர்களில் ஒருத்தி, தன் பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்தாள்.

ஆறு கிழமை கழித்து அண்ணனை விட்டார்கள். அவனால் கதிரையில் நேராக இருக்க ஏலவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வீதியால் போன ஓட்டோவில் ஏதோ ஒரு பாட்டு அதிர்ந்தது. அண்ணன் சோற்றை விட்டுவிட்டுக் குசினிச் சுவரோரம் போய்க் குந்தினான். கட்டியிருந்த சாரம் நனைந்தது. ஓட்டோ போன பிறகு அங்கிருந்தபடியே சொன்னான்.

"அடிக்கேக்க சத்தமாப் பாட்டுப் போடுவாங்கள். முதல் வேற கசெற் போட்டவங்கள். பாட்டு முடிஞ்சா அடியும் நிக்கும். நாங்கள் கத்துறது வாசல்ல நிக்கிற சனத்துக்குக் கேக்கும் எண்டு நிப்பாட்டுவாங்கள். அடுத்த பாட்டு வருமட்டும் மூச்சு விடலாம். பிறகு ஒரு இங்கிலீசுக் கசெற் கொண்டந்தாங்கள். அதில நடுவில ஒண்டுமே இல்லை. ஒரு பக்கம் முடியுமட்டும் நிக்காது. அதைத் திருப்பிப் போடேக்கதான் மூச்சு." சுவரைப் பார்த்துச் சொன்னான். "அதைப் பதிஞ்சவன்ர கை அழுகோணும்."

பிறகு என்னைப் பார்த்தான். "உங்கட கடையிலயும் உப்பிடிப் பதிவீங்களோ?"

அம்மா அகப்பையோடு நின்றவர் முந்திக்கொண்டார்.

"உவனுக்கு உந்த வேலையெல்லாம் எங்க தெரியும்? அது கொழும்பில இருந்து வந்திருக்கும்."

என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டு, "சாப்பிடு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் அம்மா தனியாக அந்த முகாம் வாசலுக்குப் போனார். மற்றத் தாய்மார் இன்னும் அங்கேதான் நின்றார்கள். கசெற்றைப் பதிந்தது தன் மகன் இல்லை, தான் சொன்னது பொய் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவிட்டு வந்தார். அப்போதும் உள்ளே அந்தப் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்ததாம்.