ஐந்து கட்டை ராஜகுமாரன்

நாடகம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபாவில் கூடி அபிப்பிராயம் சொல்வது வழக்கம். சபா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பிரெஞ்சு பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பிய ஒருவருடைய வீட்டுக் கூடம், அவ்வளவுதான். ஹார்மோனியம் அவருடையது. அரண்மனை வரைந்த திரை அவருடையது. ஆகவே கதாநாயகன் வேஷமும் அவருடையது. ஐம்பத்தைந்து வயதில், காட்டுக்குத் துரத்தப்பட்ட இளவரசன் அவர்தான். அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்களுக்குக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் அவர் வீட்டு அடுப்பிலிருந்தே வரும். வாய் நிறைய அவர் கேசரியை வைத்துக்கொண்டு அவர் பாட்டைப் பற்றி எவன் என்ன சொல்லிவிட முடியும்?

அந்தக் கூடத்தில் சங்கீதத்துக்கு ஒரே அளவுதான்: கட்டை. ஹார்மோனியத்தில் எத்தனையாவது கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடுகிறான் என்பதுதான் பாடகனின் மதிப்பு. எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். மைக் வராத காலத்தில் தொழில் நாடகக்காரர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமே என்று ஐந்து கட்டையில் பாடினார்கள். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. எங்கள் ஆட்களுக்கு அதுவே கௌரவமாகிவிட்டது. வாடகைக்கு மைக் எடுத்து மேடையில் நிறுத்திவிட்டு, அதற்கு நாலடி தள்ளி நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். ராகம் தப்பலாம், தாளம் தப்பலாம், சொல் ஒன்றுமே புரியாமல் போகலாம். கட்டை மட்டும் குறையக்கூடாது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல், கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டு, ரேடியோ இருக்கிற வீட்டு வாசலிலெல்லாம் காதை நீட்டிக்கொண்டு திரிந்தேன். நாடகத்தில் எனக்குத் தூதன் வேஷம், இரண்டு வரி வசனம். மற்ற நேரம் திரைக் கயிறு.

அன்றைக்குக் கோட்டுச்சேரி வாத்தியார் ஒருவர்தான் தொடங்கினார். "அந்த மூணாம் பாட்டு இருக்கே! அஞ்சு கட்டையில நின்னீங்க பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க."

மூன்றாம் பாட்டில்தான் குரல் பிளந்தது. காட்டில் தனியே நிற்கும் இளவரசன் தாயை நினைத்துப் பாடும் பாட்டு அது. உச்சிக்கு ஏறிய குரல் இறங்க வழி தெரியாமல் அங்கேயே உடைந்து, வால் மிதிபட்ட நாய் மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் திரை மறைவிலிருந்து பார்த்தேன். வாத்தியார் அவர்களுக்கு நேர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் குரலை நாகப்பட்டினத்துக்காரன் கேக்கணுங்க" என்றார் அடுத்தவர், ஒரு வக்கீல் குமாஸ்தா.

நாகப்பட்டினம் என்றதும்தான் எனக்குக் கவலை பிடித்தது. மறு மாதம் நாகப்பட்டினத்தில் ஆட எங்களுக்கு அழைப்பு வந்திருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி, வாஞ்சூர் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற சுங்கக்காரன் போன பிறகு, எங்கள் சபா எல்லை தாண்டுவது அதுவே முதல் தடவை. நாகப்பட்டினத்துக்காரன் எங்கள் கேசரியைத் தின்றவன் இல்லை. குரல் உடைந்தால் ஊளையிடுவான். காரைக்கால் பாட்டு என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பான்.

"தம்பி ஒண்ணும் சொல்லலையே?" என்றார் பென்ஷன்காரர்.

சொன்னேன். "மூணாம் பாட்டுல குரல் உடைஞ்சிடுச்சுங்க. பொம்பளைங்க சிரிச்சாங்க. உங்க குரலுக்கு அஞ்சு கட்டை ஒத்து வராதுங்க. மூணு வச்சுக்கிட்டு மைக் பக்கத்துல நின்னு பாடுங்க. நாகப்பட்டினத்துல இப்படிப் பாடினா எந்திரிச்சுக் கூப்பாடு போடுவாங்க."

வாத்தியார் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"மூணு கட்டையா?" என்றார் வாத்தியார். "அவரு என்ன தொட்டிலா ஆட்டுறாரு?"

"ரேடியோ கேட்டுக் கெட்டுப்போன காது" என்றார் குமாஸ்தா.

பென்ஷன்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தாலும் மரியாதை குறையவில்லை. "நீங்க பாடுங்க தம்பி. அந்த மூணு கட்டையிலயே பாடுங்க. கேப்போம்."

ஹார்மோனியம் வாசிப்பவர் திருமலைராயன்பட்டினத்து மரைக்காயர் ஒருவர். மூன்றாம் கட்டையை அழுத்தினார். அதே பாட்டைப் பாடினேன். சுருதி பிசகவில்லை, ஒரு சொல்லை விழுங்கவில்லை. எனக்கே பிடித்திருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார் வாத்தியார், சிலிர்த்துப்போனவருடைய அதே தலையாட்டலோடு. அந்தத் தலையாட்டல் எவ்வளவு பெறும் என்பது எனக்குத் தெரியும். மரைக்காயரைப் பார்த்தேன். அவர் துருத்தியை மூடிக்கொண்டே சொன்னார்: "சுருதி சுத்தம் தம்பி. ஆனா பெத்தவளைப் பிரிஞ்சவன் பாடுன மாதிரி இல்லை. நகரசபையில நின்னு பிறப்புப் பத்திரத்தை வாசிச்ச மாதிரி இருந்துச்சு."

கூடமே சிரித்தது. பென்ஷன்காரர்தான் அதிகம் சிரித்தார். இரண்டாவது கரண்டிக் கேசரிக்குக் காத்திராமல் வந்துவிட்டேன். ஒரு வாரம் அத்தனை பேரையும் மனதுக்குள் வைதேன். அந்தக் கூடத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான அபிப்பிராயம் என் தலையில்தானா விழவேண்டும்!

நாகப்பட்டினம் போனோம். வாஞ்சூரில் பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை. அதற்கும் குமாஸ்தா பென்ஷன்காரரைத்தான் பாராட்டினார்.

திரை தூக்கப்போகும் சமயம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளவரசர் கிரீடத்தைச் சரிசெய்தபடி ஹார்மோனியத்தண்டை வந்தார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார், குனிந்து, பாக்குக் கேட்கிறவர் மாதிரி, "மூணு வைங்க" என்றார். மரைக்காயர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது என் காதில் விழுந்தது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

மைக்கை ஒட்டி நின்று பாடினார். குரல் உடையவில்லை. மூன்றாம் பாட்டில் ஓர் இடத்தில் தாளம் ஓடிற்று, இரண்டு சொல்லை விழுங்கினார். அதையெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தவன் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். தொந்தியும் ஒட்டுமீசையுமாக நின்ற அந்த மனிதர் உண்மையிலேயே யாரையோ பிரிந்து வந்தவர் மாதிரி இருந்தார். நாகப்பட்டினம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தியது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறு ஞாயிறு, அதே கூடம், அதே கேசரி.

"அஞ்சு கட்டைன்னா என்னான்னு அந்த ஊர்க்காரனுக்குக் காட்டிட்டீங்க!" என்றார் வாத்தியார்.

"அஞ்சுக்குக் கொஞ்சம் மேலேயே நின்னுதுங்க" என்றார் குமாஸ்தா.

ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கட்டை கட்டை என்று உயிரை விட்டவர்களில் ஒருத்தருக்குக்கூட ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பென்ஷன்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது. மரைக்காயர் ஹார்மோனியத்தில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"தம்பி என்ன சொல்றீங்க?" பென்ஷன்காரர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் அதற்கப்புறம் வேஷம் கட்டியிருக்கமாட்டார். இவர்களோ, அப்போதே சந்தேகப்பட்டோம் என்று பஜ்ஜியை மென்றுகொண்டே சொல்லியிருப்பார்கள். அந்தக் காதுகளில் கொண்டுபோய் அதைப் போடுவானேன்?

"குறை ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

வாத்தியார் என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, தம்பிக்கும் இப்பத்தான் அஞ்சு கட்டை புரிஞ்சிருக்கு!"

பென்ஷன்காரர் உள்பக்கம் திரும்பி, "தம்பிக்கு இன்னொரு கரண்டி கேசரி கொண்டாங்க" என்றார். வந்தது. தின்றேன்.