பயமறியாதவரின் அகதி வழக்கு

புத்தகம் எழுதிக்கொடுக்கும் தொழிலில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நீங்கள் அளந்துவிட்ட முதல் வரியை, உங்கள் வாயாலேயே ஒரு வழக்கறிஞருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நாள் வரலாம். எனக்கு வந்தது.

எண்பதுகளில் கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிதில், பகலில் சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி ஒட்டினேன். மிச்ச நேரத்தில் எழுத்தாளர், லேஅவுட்காரர், பதிப்பாளர், விளம்பர மனேஜர் எல்லாம் நானே. தமிழ் அச்சு எழுத்து எங்கள் கைக்கு எட்டாத காலம். கையால் எழுதி, டெப்பனர் என்ற மூலைக்கடையில் போட்டோக்கொப்பி அடித்து, ஸ்டேப்ளர் குத்தினால் அது புத்தகம். படம் வரைய மட்டும் வெளியாள். திருகோணமலையில் சைவக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர்.

வாடிக்கையாளர் குணரத்தினம் அண்ணை, ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார். அது சரிவந்தால்தான் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிடலாம். காத்திருந்த நேரத்தில் மனிதருக்குச் சுயசரிதை ஆசை பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிறு முழுக்க இருந்து கதை சொன்னார். இலங்கை ஆமி வந்தபோது கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தாராம். வெளியே கணக்குப்பிள்ளையைச் சுட்ட சத்தம் கேட்டதாம். உடுத்திருந்த சாரத்தோடேயே சிறுநீர் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உதை அப்பிடியே எழுதாதையும். கொஞ்சம் எடுப்பா எழுதும்."

எடுப்பாக எழுதுவதில் நான் கெட்டிக்காரன். 'பயம் என்றால் என்னவென்றே அறியாத குணரத்தினம்' என்று தொடங்கினேன். அட்டையில் எங்கள் ஓவியர் அவரை நெஞ்சு நிமிர்த்தி, ஒரு கவச வாகனத்தை வெறுங்கையால் மறிக்கவைத்தார். அண்ணைக்கு இல்லாத மீசையையும் இலவசமாக வைத்துவிட்டார்.

விளம்பரமும் அமோகம். வெளியீட்டு விழாவுக்கு முன்னரே அண்ணை முதல் பிரதியைத் தன் வழக்கறிஞர் அம்மாவிடம் கொண்டு ஓடினார். ஆதாரமாகக் கோப்பில் சேர்க்க வேண்டுமாம். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அம்மா சிரித்த முகத்தோடு "போன்ஜூர்" சொன்னார். அட்டையைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் வரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊருக்குத் திரும்பிப் போகப் பயம் என்பதுதான் இவருடைய வழக்கே. பயமே தெரியாதவருக்கு இந்த நாடு எதற்கு?"

அதைத் தமிழில் சொன்னதும் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

"நீர்தானே ஐசே உப்பிடி எழுதினனீர்!"

"நீங்கள்தானே அண்ணை எடுப்பா எழுதச் சொன்னனீங்கள்!"

சண்டையை நிறுத்தி, அரிசி மூட்டைக் கதையை அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம். என்ர மனுசி அறிஞ்சா என்ன நினைப்பாள்?"

"அவ இங்கை வந்தாத்தானே அண்ணை நினைக்கிறதுக்கு?"

அண்ணை புத்தகத்தை எடுத்து அட்டை கீழே இருக்கக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி, சொல்லும்," என்றார்.

எடுப்பு எதுவும் இல்லாமல் சொன்னேன். கோப்பில் அதுவரை 'ஊரில் பிரச்சினை' என்ற ஒரே வரிதான் இருந்தது. அம்மா முழுவதையும் எழுதி அண்ணையிடம் கையொப்பம் வாங்கினார். மொத்தம் இரண்டு பக்கம். விசாரணையில் வென்றது அந்த இரண்டு பக்கந்தான்.

விழாவை நிறுத்தினோம். என் விளம்பரத் திறமையால் ஒரு பிரதிகூட விற்றிருக்கவில்லை. ஆகவே திரும்ப வாங்கும் வேலையும் மிச்சம். வாடிக்கையாளர் குரல் இறங்கிச் சொல்வதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன்.

அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். அலுமாரியில் ஒளித்து வைத்திருந்த பிரதியை அக்கா கண்டுபிடித்திருந்தார். அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதார்?"

"நான்தான்," என்றார் அண்ணை, மீசை இல்லாத உதட்டைத் தடவியபடி.

அக்கா சிரித்தார். கண் கலங்கும்வரை சிரித்தார்.

"ஆமி வந்த அண்டைக்குச் சாரத்தைக் கிணத்தடியிலை ஒளிச்சு வைச்சனீங்கள். ஆர் தோய்ச்சதெண்டு நினைச்சனீங்கள்?"